பி.எஸ்சி எமர்ஜென்சி அண்ட் டிராமா கேர்: முதல் வருஷம் என்ன படிக்கணும், சேரலாமா? (பெங்களூரு)

விவேக்நகர் அக்கா

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பி இந்த வருஷம் பி.யூ.சி (பிளஸ் டூ) முடிச்சான், சயின்ஸ். நீட்ல மார்க் வரல. இன்னொரு வருஷம் கோச்சிங்ல உக்கார அவனுக்கு இஷ்டமில்ல. ரெண்டு காலேஜ்ல பி.எஸ்சி எமர்ஜென்சி அண்ட் டிராமா கேர் டெக்னாலஜி சீட் இருக்குன்னு விசாரிச்சுட்டு வந்து, அதையே பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். மூணு வருஷம் படிப்பு, அப்புறம் ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். அம்மா "ஆம்புலன்ஸ்ல ஏறி உக்கார நாலு வருஷமாடா"ன்னு கேக்குறாங்க. அப்பா வாயே திறக்கல, அது இன்னும் பயமா இருக்கு.

முதல் வருஷம் என்ன சொல்லித் தர்றாங்க? எதுல பசங்க திணறுறாங்க? காலேஜ் பாக்கப் போனா என்ன கேக்கணும்? லேப் டெக்னீஷியன், டயாலிசிஸ் எல்லாம் வேற இழைல பேசியாச்சு. இங்க ஆம்புலன்ஸ், எமர்ஜென்சி வேலை மட்டும்.

சில்க்போர்டு சுந்தர்

நான் டிரைவர். இப்ப டிராவல்ஸ், அதுக்கு முன்னாடி தனியார் ஆம்புலன்ஸ். நேரா சொல்றேன் தங்கச்சி, கோவிச்சுக்காத. ஆள் பொழைக்கிறதும் போறதும் ரோட்டுல இருக்கு. ஓசூர் ரோட்டுல சாயங்காலம் ஆறு மணிக்கு மாட்டிக்கிட்டா உள்ள டாக்டரே உக்காந்திருந்தாலும் ஒண்ணும் ஆகாது. 108ல இருக்குற பசங்க சில வாரம் டிரெய்னிங் எடுத்துட்டு நல்லாத்தான் வேலை பாக்குறாங்க. டிகிரியைக் காட்டினா சிக்னல் திறக்குமா?

கேஷுவல்ட்டி ராஜன்

அக்கா, இதே கோர்ஸ் முடிச்சுட்டு இங்க ஒரு ஆஸ்பத்திரி எமர்ஜென்சில இருக்கேன். நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல் வருஷம் தம்பி கனவு காணுற மாதிரி இருக்காது. சைரன் சத்தமே கேக்காது. அனாடமி, ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி, பேத்தாலஜி, மைக்ரோபயாலஜி. ஆபரேஷன் தியேட்டர், அனஸ்தீசியா (மயக்க மருந்து) டெக்னாலஜி படிக்கிற பசங்களோட பெரும்பாலும் ஒரே கிளாஸ்ல உக்காரணும். "நான் எமர்ஜென்சிக்கு வந்தேன், எனக்கு எதுக்குக் கிரெப்ஸ் சைக்கிள்"னு (செல்லுக்குள்ள சக்தி உண்டாகுற பயோகெமிஸ்ட்ரி பாடம்) புலம்புவான். புலம்பட்டும். ஆனா ஃபிசியாலஜில மூச்சும் ரத்த ஓட்டமும் மட்டும் கரைச்சுக் குடிச்சிரணும். காரணம் சொல்றேன்.

பைக்ல விழுந்த 20 வயசுப் பையன். வயித்துக்குள்ள ரத்தம் கசியுது, வெளிய ஒரு கீறல் கூட இல்ல. உடம்பு சும்மா இருக்காது. நாடியை ஏத்தும், கை கால் தோலுக்குப் போற ரத்தக்குழாயைச் சுருக்கும், எப்படியாவது மூளைக்கும் இதயத்துக்கும் பிரஷரைக் காப்பாத்தும். அதனால பி.பி. பாத்தா 118/80 வரும். கூட வந்த நண்பன் "நார்மல்தானே"ன்னு நிம்மதியாவான். ஆனா கை ஜில்லுன்னு வேர்த்திருக்கும், நாடி 120ல ஓடும், பையன் காரணமில்லாம எரிஞ்சு விழுவான். பி.பி. இறங்குற வரைக்கும் காத்திருந்தா ரத்தம் நிறைய போயிருக்கும். வயசானவங்களுக்கு இதே கணக்கு தப்பும். பிரஷருக்குன்னு பீட்டா பிளாக்கர் மாத்திரை போடுறவங்களுக்கு ரத்தம் போனாலும் நாடி அவ்வளவா ஏறாது. ஃபிசியாலஜி தெரியாதவன் மெஷின்ல வர்ற நம்பரை மட்டும் நம்புவான்.

அடுத்தது வரிசை. இந்தப் படிப்போட முதுகெலும்பே அதுதான்னு நான் சொல்வேன். முதல்ல இடம்: கரண்ட் கம்பி, வண்டி வர்ற ரோடு, கேஸ் வாசனை. அப்புறம் பீறிட்டு வர்ற ரத்தம் இருந்தா அழுத்திப் பிடி. பிறகு மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, கடைசில துணியை விலக்கி உடம்பு முழுக்கப் பாக்குறது. நடுவுல கோளாறு கண்டா அதைச் சரிபண்ணாம அடுத்த படிக்குப் போகக்கூடாது. சொல்றதுக்கு ஈஸி. முன்னாடி ஒருத்தர் கால் எலும்பு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும்போது, அவர் தொண்டைல குறட்டை மாதிரி வர்ற சத்தத்தைக் கேக்குறவன் எத்தனை பேர்? கண்ணு எலும்பு மேலயே நிக்கும். அவரைக் கொல்லப்போறது அந்தக் குறட்டைதான், தாடையைத் தூக்கிப் பிடிச்சா அது நிக்கும். கண்ணைத் திருப்பத்தான் ஒரே டிரில்லைத் திரும்பத் திரும்பச் செய்ய விடுவாங்க. சலிச்சுக்கக் கூடாது.

மூச்சு எண்ணுறது. "உங்க மூச்சை எண்ணப்போறேன்"னு சொன்னா யாரும் இயல்பா மூச்சு விட மாட்டாங்க. நாடி பாக்குற மாதிரி மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு நெஞ்சைப் பாக்கணும். பெரியவங்களுக்கு நிமிஷத்துக்கு 12லேர்ந்து 20. வார்டுல பாதி சார்ட்டைப் பாருங்க, எல்லா நோயாளியும் 18 தடவைதான் மூச்சு விட்டிருப்பாங்க! எண்ணாம எழுதின 18. உடம்பு மோசமாகுறதை மத்த எல்லாத்துக்கும் முன்னாடி காட்டிக் கொடுக்குறது பல சமயம் இந்த ஒரு எண்.

நினைவு தப்பினவங்க யாரா இருந்தாலும் சுகர் பாக்கணும். குடிச்சுட்டுக் கிடக்கார்னு ஊரே தாண்டிப் போன ஆள் இன்சுலின் போட்டுட்டுச் சாப்பிடாம கிளம்பினவரா இருக்கலாம். ஒரு சொட்டு ரத்தம் போதும் தெரிஞ்சுக்க.

சி.பி.ஆர்., அதாவது இதயம் நின்னவங்களுக்கு நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுக்குறது, எல்லாருக்கும் தெரியும்னு நினைப்பாங்க. பொம்மை மேல கை வெச்சாத்தான் தெரியும். நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120, ஆழம் 5லேர்ந்து 6 சென்டிமீட்டர், ஒவ்வொரு அழுத்தத்துக்கு அப்புறமும் நெஞ்சை முழுசா மேல வர விடணும், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. ரெண்டு நிமிஷத்துல ஆளை மாத்திடணும். களைச்சுப்போனவன் தான் களைச்சதை ஒத்துக்க மாட்டான், அழுத்தம் மட்டும் மேலோட்டமா ஆயிடும்.

சுந்தர் அண்ணனுக்குத் தனியா எழுதுறேன். டியூட்டி நேரம்.

காக்ஸ்டவுன் தேவி

ராஜன் தம்பி, என் பொண்ணும் இதே கேக்குறா. பொம்பளப் பிள்ளைக்கு இது தாங்குமா? ஆள் தூக்குற வேலை, ராத்திரி ஷிஃப்ட்டு…

இன்டர்ன் ஷைலா

ஆன்ட்டி, நான் இப்ப இன்டர்ன்ஷிப்ல இருக்கேன். எங்க பேட்ச்ல பொண்ணுங்க நிறைய. தூக்குறது பலம் இல்ல, முறை. முட்டியை மடக்கி, முதுகை நேரா வெச்சு, ஆளை உடம்போட ஒட்டிப் பிடிச்சு, கூட இருக்குறவங்களோட ஒரே குரல்ல எண்ணித் தூக்கணும். முதல் வருஷமே சொல்லித் தந்துருவாங்க, ஏன்னா இந்த வேலைல முதுகு போனா வேலையும் போச்சு. பலசாலின்னு நினைச்சுக்கிட்டு வளைஞ்சு தூக்குற பசங்கதான் முதல்ல இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க.

நிஜமான கஷ்டம் எங்கன்னா ஸ்ரீராம்புரம், மர்பி டவுன் மாதிரி இடத்துல. மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல, ஆளு ஒருத்தர் சாய்ஞ்சு ஏறுற படிக்கட்டு, திருப்பத்துல காலி கேஸ் சிலிண்டர். ஸ்ட்ரெச்சர் திரும்பாது. நாற்காலி மாதிரி மடக்குற ஸ்டேர் சேர் இருந்தா புண்ணியம். இல்லன்னா கெட்டிப் போர்வைல நாலு பேர் பிடிக்கணும். மூச்சுத்திணறல் ஆளைப் படுக்க வெச்சு இறக்கவே கூடாது, உக்கார வெச்சுத்தான். அந்த நேரத்துல வீட்டுக்காரங்க எட்டு பேர் எட்டு யோசனை சொல்வாங்க. அவங்கள்ல ரெண்டு பேருக்கு வேலை கொடுத்தா மத்தவங்க அடங்கிடுவாங்க. "நீங்க பழைய ரிப்போர்ட் எடுங்க, நீங்க கீழ போய் பைக்கை நகத்துங்க." இது எந்தப் பரீட்சைலயும் வராது ஆன்ட்டி.

ராத்திரி ஷிஃப்ட்டு எல்லாருக்கும்தான். ஹாஸ்டல் பக்கத்துல இருக்கான்னு மட்டும் பாருங்க.

கேஷுவல்ட்டி ராஜன்

சுந்தர் அண்ணே, நீங்க சொல்றதுல பாதி சரி, அந்தப் பாதி முக்கியமான பாதி. வயித்துக்குள்ள ரத்தம் ஓடுற ஆளுக்கு ரோட்டுல நின்னு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது, அவருக்கு வேண்டியது ஆபரேஷன் தியேட்டர். ஏத்து, கிளம்பு, மத்ததை வண்டிக்குள்ள பாத்துக்கலாம்.

ஆனா இதயம் நின்னுபோன ஆளை அப்படி அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடக்கூடாது. ஓடுற வண்டில நெஞ்சழுத்தம் சரியா வராது, அழுத்துறவனும் விழுவான். விழுந்த இடத்துலயே ஆரம்பிச்சு, ஷாக் கொடுக்குற மெஷினை அங்கயே மாட்டணும். சி.பி.ஆரும் இல்லாம ஷாக்கும் இல்லாம போற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பொழைக்கிற வாய்ப்பு 7லேர்ந்து 10 சதவீதம் குறையுது. இந்த ரெண்டு ஆளையும் முதல் ரெண்டு நிமிஷத்துல பிரிச்சுப் பாக்கத்தான் அண்ணே படிப்பு.

இன்னொண்ணு, எங்க கொண்டுபோறது? உங்க அனுபவத்துல தெரியும், சொந்தக்காரங்க பக்கத்து நர்சிங் ஹோமைக் காட்டுவாங்க. திடீர்னு ஒரு பக்கம் வாய் கோணி, கை விழுந்துபோச்சுன்னா சி.டி. ஸ்கேன் இருக்குற இடத்துக்குத்தான் போகணும். மூளை ரத்தக்குழாயை அடைச்ச ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு 4.5 மணி நேரம்தான் கெடு, அந்தக் கடிகாரம் ஆம்புலன்ஸ் வந்தப்ப ஆரம்பிக்கிறதில்ல. கடைசியா அவர் நல்லா இருந்ததை யார் எப்ப பாத்தாங்களோ அப்பலேர்ந்து. அந்த நேரத்தைக் கேட்டு எழுதுறவன் ஒருத்தன் வண்டில இருக்கணும். தலைல அடின்னா நிம்ஹான்ஸ், நெஞ்சுவலின்னா ஜெயதேவான்னு இந்த ஊர்ல ஆட்டோக்காரருக்கும் தெரியும். ஆனா வந்திருக்குறது நெஞ்சுவலியான்னு யார் சொல்றது? சுகர் இருக்குறவங்களுக்கு வலியே இல்லாம வேர்வை, வாந்தி, களைப்புன்னு மட்டும் வரும். வீட்டுல "கேஸ்"னு சொல்லி சோடா கொடுத்துப் படுக்க வெச்சிருப்பாங்க. இ.சி.ஜி. எடுக்கத் தெரிஞ்ச ஒருத்தர் அந்த வீட்டுக்குள்ள போனா கதை மாறும்.

சில்க்போர்டு சுந்தர்

இதை ஒத்துக்கிறேன். நான் ஓட்டுனப்ப பின்னாடி உக்காந்திருந்தவன் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்குறதுக்கே என்னைக் கூப்பிட்டான். சிலிண்டர்ல எவ்வளவு இருக்குன்னு கிளம்புறதுக்கு முன்னாடி பாக்கணும்னாவது சொல்லிக் கொடுக்குறாங்களா?

இன்டர்ன் ஷைலா

அது தினமும் காலைல செக்லிஸ்ட்ல முதல் வரி அண்ணா. வாய், தொண்டைல இருக்குற சளி, ரத்தத்தை உறிஞ்சி எடுக்குற சக்ஷன் மெஷினோட சார்ஜ் ரெண்டாவது.

ஜெயநகர் பெரியவர்

ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். இந்தத் துறையின் பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். இதுவும் முதலாண்டு மாணவன் தெரிந்துகொள்ள வேண்டியதே.

1965ல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஃபிராங்க் பேன்ட்ரிட்ஜ் என்ற இதய மருத்துவர், கார் பேட்டரியில் இயங்கும் டிஃபிப்ரிலேட்டர் (இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி) ஒன்றை உருவாக்கினார். எடை 70 கிலோ. நோயாளி மருத்துவமனைக்கு வரும்வரை காத்திராமல் கருவி நோயாளியிடம் போகட்டும் என்பது அவர் யோசனை. அங்கே வண்டியில் சென்றவர்கள் மருத்துவர்களும் செவிலியர்களும். மருத்துவர் அல்லாத சாதாரண மக்களை முறையாகப் பயிற்றுவித்து அனுப்பலாம் என்று காட்டியவற்றில் முக்கியமானது 1967ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் தொடங்கிய ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ். வேலை கிடைக்காமல் இருந்த கறுப்பின இளைஞர்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். பயிற்சியை வகுத்தவர் மயக்க மருந்து நிபுணர் பீட்டர் சஃபார். பின்னர் நான்சி கரோலின் என்ற பெண் மருத்துவர் பொறுப்பேற்றார். அந்நாளில் அந்நகரில் போலீஸ் வண்டிகளே நோயாளிகளை ஏற்றிச் சென்றன. உள்ளே கவனிக்க யாரும் இருக்க மாட்டார்கள். 1975ல் மாநகராட்சி தன் சேவையைத் தொடங்கியதும் ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. அதில் இருந்தவர்களில் பலர் புதிய அமைப்பில் ஓரங்கட்டப்பட்டார்கள் என்பது வருத்தமான செய்தி.

நம் நாட்டில் 108 சேவை ஹைதராபாத்தில் 2005 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. கர்நாடகத்தில் 2008 நவம்பர் 1, கர்நாடக மாநிலம் உருவான ராஜ்யோத்சவ தினத்தன்று, ஆரோக்ய கவசம் என்ற பெயரில் வந்தது. 2015ல் பெங்களூரு நெரிசலுக்காக பைக் ஆம்புலன்ஸ்களையும் விட்டார்கள். சுந்தர் அவர்களின் சிக்னல் கேள்விக்கு அரசு யோசித்த பதில் அது.

பர்மிங்காம் பாலா

ஆஸ்டின் டவுன் பையன், இப்ப இங்கிலாந்துல ஆம்புலன்ஸ் சர்வீஸ்ல இருக்கேன். தம்பி வெளிநாட்டு ஆசைல சேர்றான்னா ரெண்டு விஷயம் தெளிவா இருக்கட்டும்.

இங்க பாராமெடிக்ங்கற (ஆம்புலன்ஸ்ல சிகிச்சை கொடுக்குறவர்) பேரே சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. ஹெச்.சி.பி.சி.ங்கற ஒழுங்குமுறை அமைப்புல பதிவு இல்லாம யாரும் அப்படிப் போட்டுக்க முடியாது. 2021 செப்டம்பர்லேர்ந்து புதுசா வர்றவங்களுக்கு டிகிரி லெவல்தான் நுழைவு. ஆஸ்திரேலியாலயும் 2018 டிசம்பர் 1லேர்ந்து தேசிய அளவுல பதிவு. நம்ம ஊர் டிகிரியோட வந்தா, நீங்க படிச்சது என்ன, எத்தனை மணி நேரம் எந்த இடத்துல பயிற்சி எடுத்தீங்கன்னு பாடம் பாடமா ஒப்பிட்டுப் பாப்பாங்க. தானா கிடைச்சிடாது. அதனால சிலபஸ், லாக் புக், கையெழுத்து எல்லாத்தையும் முதல் நாள்லேர்ந்தே பத்திரமா வெச்சுக்கணும். இங்க வண்டியும் நீங்கதான் ஓட்டணும், அதுக்குத் தனி லைசென்ஸ்.

வேலைல பெரிய வித்தியாசம் முடிவு எடுக்குறதுலதான். 108ல ஊசி போடுறதுக்கு முன்னாடி போன்ல கால் சென்டர் டாக்டர்கிட்ட கேப்பாங்க. இங்க பெரும்பாலும் கைடுலைன் பாத்து நானே முடிவெடுப்பேன். ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போக வேண்டாம், வீட்டுலயே இருங்கன்னும் சொல்வேன். அந்த "வேண்டாம்"தான் ரொம்பக் கஷ்டமான முடிவு. வீட்டுல விட்டுட்டு வந்த பாட்டிக்கு ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா எழுதி வெச்ச பேப்பர்தான் பேசும். இங்க முதல் வருஷத்துலேயே சட்டம், சம்மதம், ஆவணம் எழுதுறதுன்னு ஒரு பாடமே உண்டு. நோயாளி தெளிவா இருந்துக்கிட்டு "வரமாட்டேன்"னா இழுத்துட்டுப் போக முடியாது.

மத்திகெரே மாமா

இதெல்லாம் சரி, வேலை? என் அக்கா பையன் இதையே படிச்சுட்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரில சேர்ந்தான். வீல்சேர் தள்ள விட்டாங்க, சாம்பிள் எடுத்துட்டுப் போக விட்டாங்க. டிகிரி பீரோல இருக்கு.

கேஷுவல்ட்டி ராஜன்

மாமா, இது நடக்குது, மறைக்க ஒண்ணுமில்ல. எந்த டிகிரிக்கு என்ன வேலைன்னு ரொம்ப நாளா யாரும் கோடு போடல. 2021ல அலைடு ஹெல்த்கேர் (டாக்டர், நர்ஸ் இல்லாத மத்த மருத்துவ வேலை) தொழிலாளர்களுக்குன்னு ஒரு தேசிய கமிஷன் சட்டம் வந்துச்சு. அதோட பட்டியல்ல எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னாலஜிஸ்ட், அட்வான்ஸ் கேர் பாராமெடிக் ரெண்டும் பேர் சொல்லியே இருக்கு. மாநில கவுன்சில், பதிவுப் புத்தகம் எல்லாம் அந்தச் சட்டத்துல உண்டு. ஆனா சட்டம் வந்தா மறுநாள் வார்டு இன்சார்ஜ் மாறிட மாட்டார். எமர்ஜென்சி மெடிசின்னு தனி டிபார்ட்மென்ட் நடத்துற ஆஸ்பத்திரிலயும், ஐ.சி.யூ. வசதியோட ஆம்புலன்ஸ் விடுற இடத்துலயும்தான் இப்ப மரியாதை. சின்ன இடத்துல வீல்சேர்தான். அக்கா, தம்பிகிட்ட இதையும் சொல்லிடுங்க.

கே.ஆர்.புரம் கண்ணன்

ஒரு டவுட்டு. பெங்களூருல தமிழ்ப் பையன், கன்னடம் சுமாரா பேசுவான். போதுமா?

இன்டர்ன் ஷைலா

சுமார் போதாது. மார்க்கெட்ல பேசுற கன்னடம் வேற. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்குற ஆள்கிட்ட "எல்லி நோவு? யாவாக ஷுரு ஆய்த்து? உசிராடக்கெ கஷ்ட ஆகுத்தா? மாத்ரெ ஏனாதரு தகொள்த்தீரா?"ன்னு (எங்க வலி, எப்ப ஆரம்பிச்சது, மூச்சு விடக் கஷ்டமா இருக்கா, மாத்திரை ஏதாவது எடுக்குறீங்களா) யோசிக்காம வாயில வரணும். என்ன கஷ்டம், அலர்ஜி உண்டா, என்ன மருந்து, பழைய நோய் என்ன, கடைசியா எப்ப சாப்பிட்டீங்க, அதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தீங்க. இந்த ஆறையும் கன்னடம், தமிழ், இந்தி மூணுலயும் சொல்லிப் பழகினேன். ஷிவாஜிநகர் பக்கம் உருதுவும் வேணும். வலி வந்தா ஜனங்க தாய்மொழிக்குப் போயிடுவாங்க, அல்சூர்ல பாதி வீட்டுல தமிழ் தெரிஞ்சதே எனக்கு பலம்.

நர்சிங் காலேஜ் மேடம்

காலேஜ் பார்க்கப் போகும்போது என்ன கேட்பது என்று யாரும் சொல்லவில்லையே. நான் அலைடு ஹெல்த் மாணவர்களுக்கும் வகுப்பு எடுக்கிறேன்.

கட்டிடத்தைப் பார்க்காதீர்கள். காலேஜுக்குச் சொந்தமாக ஆஸ்பத்திரி இருக்கிறதா, அதில் இரவு பன்னிரண்டு மணிக்கும் நோயாளி வருகிற எமர்ஜென்சி இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் இரவில் ஒருமுறை போய் வாசலில் நில்லுங்கள். ராஜீவ் காந்தி ஆரோக்கிய அறிவியல் பல்கலைக்கழக இணைப்பு இந்த ஆண்டுக்கும் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று அவர்கள் வலைத்தளத்திலேயே சரிபார்க்கவும், அலுவலகத்தில் சொல்வதை நம்ப வேண்டாம். ஸ்கில் லேபில் பொம்மையின் மார்பைப் பாருங்கள். தேய்ந்து அழுக்காக இருந்தால் நல்ல காலேஜ். மாணவர்கள் ஆம்புலன்ஸில் ஏறுகிறார்களா, எந்த ஆண்டிலிருந்து, அவர்களோடு யார் போகிறார்கள் என்று இரண்டாம் ஆண்டு மாணவனைத் தனியாகக் கேளுங்கள். இந்தப் பாடத்தை எடுப்பவர்களில் எமர்ஜென்சி மெடிசின் படித்த டாக்டர் ஒருவராவது இருக்கிறாரா? எல்லாரும் வேறு துறையிலிருந்து இரவல் என்றால் யோசியுங்கள்.

விவேக்நகர் அக்கா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தம்பியோட ரெண்டு காலேஜும் போய்ட்டு வந்தோம். முதல் இடத்துல பொம்மை பிளாஸ்டிக் கவரோட அப்படியே அலமாரில இருந்துச்சு மேடம், சாவி வேற ஒருத்தர்கிட்ட இருந்துச்சு. ரெண்டாவது இடம் ஃபீஸ் கொஞ்சம் கூட. ஆனா எமர்ஜென்சி வாசல்ல நாங்க நிக்கும்போதே மூணு வண்டி வந்துச்சு, ஒரு ஸ்டூடண்ட் பையன் ஸ்ட்ரெச்சர் கூடவே நடந்துக்கிட்டு எதையோ வரிசையா டாக்டர்கிட்ட ஒப்பிச்சான். அப்பா அதைத்தான் பாத்துக்கிட்டே இருந்தார். வீட்டுக்கு வந்து "ரெண்டாவது இடத்துலயே கட்டிடலாம்"னார். அம்மா இன்னும் மௌனம்.

ஒரு கேள்வி பாக்கி. தம்பி நாலாயிரம் ரூபாய்க்கு ஸ்டெதஸ்கோப் கேக்குறான், வாங்கிக் கொடுக்கணுமா? அந்தப் பையன் என்ன ஒப்பிச்சான்?

கேஷுவல்ட்டி ராஜன்

வயசு, எப்ப நடந்தது, எப்படி நடந்தது, என்ன காயம், நாடி, மூச்சு, பி.பி., வழில என்ன கொடுத்தோம். நிமிஷத்துக்குள்ள சொல்லி முடிச்சிரணும், இல்லன்னா டாக்டர் காது மூடிக்கும்.

ஸ்டெதஸ்கோப் இப்ப வேண்டாம் அக்கா, முதல் வருஷத்துக்குச் சாதாரணமே தாராளம், அதுவும் முதல் மாசத்துல யாராவது இரவல் வாங்கித் தொலைச்சிடுவாங்க. அந்தக் காசுல வழுக்காத, கழுவக்கூடிய நல்ல ஷூ வாங்கிக் கொடுங்க. செகண்ட் முள் இருக்குற ஒரு வாட்ச்சும்.

சில்க்போர்டு சுந்தர்

வாட்ச் நான் வாங்கித் தர்றேன். தம்பி ஓசூர் ரோடு பக்கம் டியூட்டிக்கு வந்தா டீ அவன் செலவு.